மூதூர் லோஞ்சில் ஏறிய வாசல் நிலை

மூதூர் போகும் லோஞ்ச் படகுக்கு டீசல் வரும்வரை துறைமுக இறங்குதுறையில் வரிசையாகக் காத்திருந்தோம். எனக்கு முன்னால் ஒரு பெண் புது மர நிலையொன்றை நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"வாசல் வாங்கிட்டன். இனிச் சுவர்தான் வேணும்," என்றார் பக்கத்தில் நின்றவரிடம்.

பக்கத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் தாய் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சீதன வீடு முடிஞ்சாத்தான் கலியாணம் எண்டு சொன்னனான் எல்லோ, அக்கா?"

"ஓம், முடியும். தையில நிலை வைக்கிறம்."

"சீமெந்து?"

"அது விக்கிற விலைக்கு வாங்க ஏலாது. வாங்கினாலும் சண்டையெண்டு தடை போட்டு, ஆமி அக்கரைக்கு ஏத்த விடாது. இந்த நிலையையே சோதனையில தட்டிப் பார்த்தவங்கள், உள்ளுக்க சீமெந்து ஒளிச்சிருக்கோ எண்டு."

"அப்ப சுவரை எதால கட்டுவியள், கதையாலயோ?"

"களிமண்ணால. எங்கட குளத்து மண்ணுக்கு ஆரின்ட பாஸும் தேவையில்லை. நானும் மகளும் குழைக்கத் தொடங்கிட்டம். தடை எடுத்தாப் பிறகு கல்லுச் சுவர் எழுப்புவம். நிலை அப்பிடியே நிக்கும்."

"மழைக்குக் கரைஞ்சால்?"

"உங்கட மகன் திரும்பப் பூசட்டும். அவருக்குக் கை இருக்குதானே?"

மற்றவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

டீசல் வந்து லோஞ்ச் புகைவிட்டதும் எல்லோரும் நெருக்கினார்கள். நிலையின் ஒரு கால் தூணில் இடிக்கப் போனது. மாப்பிள்ளையின் தாய் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"பார்த்து, சம்பந்தி," என்றார். "என்ட மகன் நுழையிற வாசல்."