கவுன்சிலர் ஊட்டுக் கொடம்

…கவுன்சிலர் ஊட்டு மருமவளாம்! நல்லா சொன்ன போ. அதான் வரிசையில கடைசியா நிக்கிறேன், பாத்தியா? அட, நீ இன்னாத்துக்கு எனக்குப் பின்னால வந்து நிக்கிற? முன்னால போம்மா. எனக்குப் பின்னால யாரும் நிக்கக் கூடாது. ஆர்டர்! எங்க அத்தையோட ஆர்டர்.

செவப்பு கேட்டு ஊட்டுக்குப் புச்சா குடி வந்த பொண்ணுதான நீ? ஆங். நீ இருந்த ஆவடி குவாட்டர்ஸ்ல கொழாயத் தொறந்தா கொட்டும். இந்தக் கரையான்சாவடிக்கு வந்து மாட்டிக்கின பாரு, ஒருநாள் உட்டு ஒருநாள்தான் லாரி.

அதோ, மூலையில, தல நரச்சி, பச்சப் பொடவ… அவங்கதான் தாயம்மா, எங்க அத்தை. தொண்ணூத்தாறுல இந்த வார்ட பொம்பளைங்களுக்குன்னு உட்டாங்கல்ல, அப்ப தெருவே சேந்து நிக்க வச்சிச்சி. ஏன் வைக்காது? மாமனார் செத்தப்ப எங்க ஊட்டுக்காரருக்கு ஆறு வயசு. கீரக் கூடையத் தூக்கிகினு பூந்தமல்லி பூரா சுத்தி மூணு புள்ளைங்கள ஆளாக்கினவங்க. எனக்கு மஞ்சக்காமால வந்தப்ப, என்னப் பெத்தவ ஒருநாள் பாத்துட்டு பஸ் ஏறிட்டா. இவங்கதான் நாப்பது நாளு மோரும் கஞ்சியும் ஊட்டி உட்டாங்க. அதச் சொல்லியே என் வாய அடச்சிடுவாரு எங்க ஊட்டுக்காரரு. நானும் பேசறதில்ல. இதெல்லாம் பேச்சா? சும்மா சொல்றேன்.

ஆனா ஊட்டுல ஒரு கவுன்சிலர் இருந்தா ஏதோ ஒரு பிரயோசனம் வேணாம்? தெருவுக்கெல்லாம் லைட்டு வந்திச்சி, எங்க ஊட்டாண்ட மட்டும் கும்மிருட்டு. கேட்டா, 'நம்பகிட்டதான் டார்ச்சு கீதே'ன்றாங்க! காலீல ஆறு மணிக்கே வாசல்ல கூட்டம். முதியோர் பென்சன், சாதி சர்டிபிகேட்டு, புருஷன் அட்ச்சிட்டான்… அத்தினி பேருக்கும் டீ யாரு? நானு. மக்கள் சேவ அவங்க, மண்ணெண்ண ஸ்டவ்வு நானு!

இந்தக் கடைசி எடம் எப்டி வந்திச்சின்னு கேக்கற… கேக்கலியா? சொல்றேன் இரு.

போன மாசம் நாத்தனா ஊட்டு ஜனம் பன்னெண்டு பேரு வந்து எறங்கிட்டாங்க. ட்ரம்மு ரெண்டும் காலி. அத்தை எங்கியோ மனு குடுக்கப் போய்ட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்? தெரு மொனையில போயி லாரிய மறிச்சேன். 'கவுன்சிலரம்மா சொன்னாங்க, மொதல்ல எங்க ஊட்டாண்ட நிறுத்து'ன்னேன். ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்ததான். டிரைவர் சலாம் போட்டு நிறுத்தினான். ட்ரம்மு, அண்டா, குண்டா, ஆட்டுக்கல்லு குழி வரைக்கும் ரொப்பிட்டேன்.

கடைசி ஊடு முனியம்மாவோடது. அவ பொண்ணு புள்ள பெத்து எட்டு நாளு. அவங்க மொற வரும்போது லாரி காலி. முனியம்மா கொடத்தத் தூக்கிகினு உச்சி வெயில்ல வயக்காட்டுக் கெணத்துக்குப் போயிருக்கா. படியில வழுக்கி… கை ஒடஞ்சி போச்சி. நான் இன்னா கனவா கண்டேன்?

சாயந்தரம் அத்தை வந்து டிரைவரக் கேட்டாங்க. 'நீங்கதான சொல்லி அனுப்ச்சீங்க'ன்னுட்டான், கம்னாட்டி. ஊட்டுக்கு வந்து ட்ரம்மு மூடியத் தொறந்து பாத்தாங்க. கத்தல. கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்து கத்தி, அதோட போயிருக்கும். 'கஸ்தூரி, கொடத்த எடு'ன்னாங்க. அவ்ளோதான். ஆளுக்கொரு கொடம் இடுப்புல, முனியம்மா ஊட்டுக்கு ஆறு நட. பன்னெண்டு சொந்தக்காரங்களும் பாக்கறாங்க, தெருவே பாக்குது. முனியம்மா வாசல்ல நின்னு, 'எம் பேரச் சொல்லி எம் மருமவ தண்ணி புட்ச்சிட்டா. உன் கை ஒடஞ்சதுக்கு எங்க ஊடுதான் காரணம்'னு சத்தமா சொன்னாங்க. உள்ள அந்தப் பச்சக் கொழந்த கத்திகினு கீது… கொடம் கனத்துச்சோ, இன்னா எழவோ, எனக்குக் கண்ணு ரொம்பிடுச்சி.

'மழ வர்ற வரைக்கும் நம்ம ஊடு கடைசி'ன்னுட்டாங்க. நான் பண்ணதுதான்… இல்லன்னு சொல்லல. ஆனா மழ எப்ப வரும்? அதுக்கும் இவங்கதான் மனு…

தோ, லாரி வந்திடுச்சி! போம்மா, போ… ஓடியே போய்ட்டா. பேருகூட சொல்லல பாரு.

யத்தே! நம்ம மொற வந்ததும் இன்னாது, அரக் கொடத்தோட நின்னுபோச்சி? அவ்ளோதானா? …ஆங், நான் குளிக்கவா? வேணாம், வேணாம். நீங்க குளிங்க. நாளிக்கி கலெக்டர் ஆபீஸு போணும்ல? நாறிகினு போனீங்கன்னா, மருமவ தண்ணி குடுக்கலன்னு என்னியதான் ஊரு சொல்லும். சிரிக்காதீங்க! உங்களுக்காவ ஒண்ணும் சொல்லல… அய்ய, குனியாதீங்க, நானே தூக்கியாறேன்.