மச்சான் வூட்டு வாசல்ல நனைஞ்ச காரு

முட்டி இடிக்குதா பாருங்க! இடிக்கலைல்ல? அதத்தாங்க சொல்ல வர்றேன்! பெரம்பலூருலேருந்து திருச்சி போற சாதா பஸ்சு, இதுல எம்முட்டி இடிக்கல. நாப்பத்தஞ்சு லட்ச ரூவா குடுத்து வாங்குன காருங்க, பின் சீட்டுல உக்காந்தா முட்டி தாவாக்கட்டைய வந்து தொடுது. எங்கூட்டுக்காரி மொத நாளே சொன்னா, "என்னங்க இது, கூடையில கோழிய அமுக்குன மாதிரி இருக்கு"ன்னு. நான் என்ன சொன்னேன்? "லக்சரின்னா அப்படித்தான்டி இருக்கும்"னேன். என்னமோ நாலு தலமொறையா லக்சரியிலேயே பொறந்து வளந்தவனாட்டம்!

நீங்க எதுவரைக்கும்? திருச்சியா… சரி சரி. நான் பாடாலூருல எறங்கிருவேன். ஜன்னல நல்லா தெறந்துக்கங்க. எம்பேரு கொளஞ்சியப்பன். அரியலூருக்குப் பக்கத்துல ரெட்டிபாளையம். முப்பது வருசம் மேஸ்திரி வேல பாத்தேன், இப்ப சிமெண்ட் ஏவாரம், சொந்தமா குடோன் வச்சிருக்கேன்.

காரு வச்சிருக்கிறவன் ஏன்டா பஸ்சுல வர்றான்னு பாக்குறீங்களா? சொல்றேன், சொல்றேன்.

குத்தம் சொல்லக்கூடாதுங்க, நல்ல காருதான். பாக்க ஜீப்பு மாதிரி ஒசரமா நிக்கும், ஆனா நீளம் கம்மி, எந்த சந்துலயும் பூந்து வந்துரும். மிதிச்சா… யப்பா! சத்தமே இல்லாம நூறத் தாண்டிரும். சீட்டுக்குள்ளேருந்து ஜில்லுனு காத்து வரும். மொத நாளு அதுல உக்காந்துட்டு, வேட்டி நனைஞ்சி போச்சோன்னு எந்திரிச்சி தடவிப் பாத்தேன்னா பாத்துக்கங்க. பின்னாடி கால ஆட்டுனா டிக்கி தானா தெறக்கும். அதுதான் வம்பே. சாவி சட்டப்பையில கெடக்கும், நான் பின்னாடி நின்னு பேசிக்கிட்டிருப்பேன், ஆட்டுக்குட்டி ஒன்னு அடியில பூந்து ஓடும், டிக்கி தெறந்து முதுகுல ஒரு போடு போடும். தெறந்தா மட்டும் என்ன இருக்கு? ஒரு அரிசி மூட்ட, ஒரு சூட்கேசு, அவ்வளவுதான். தேங்கா வாங்குனா மடியில வச்சிக்கிட்டுத்தான் வரணும்.

அப்பறம் மேல கண்ணாடி. சன்ரூஃபுங்குறான். பட்டன அமுக்குனா வானம் தெரியும். நமக்கு என்னாத்துக்குங்க வானம்? அரியலூரு வெயிலுக்கு எவனாவது மண்டைக்கு மேல ஜன்னல் வைப்பானா? நான் வச்சேன். அந்தக் கண்ணாடிதாங்க எங்குடும்பத்தையே ரெண்டாக்கிருச்சி.

பாடாலூருலதான் எங்கூட்டுக்காரி கலியம்மாளுக்குப் பொறந்த வூடு. எம்மச்சான் நல்லதம்பி பேத்திக்குக் காதுகுத்து. போயிருந்தோம். புள்ளைங்கல்லாம் காரச் சுத்திக்கிட்டு நச்சரிக்கவும், கலியம்மா பட்டன அமுக்கி கண்ணாடியத் தெறந்துட்டா. ரெண்டு வாண்டு மேல தலைய நீட்டிக்கிட்டு ஓன்னு கத்துதுவோ. நல்லாத்தான் இருந்திச்சி. திருப்பி அமுக்குனா மூட மாட்டேங்குது! அமுக்குறோம், அமுக்குறோம், கிர்ருங்குது, அப்படியே நிக்கிது. சொல்லி வச்ச மாதிரி வந்திச்சி பாருங்க மழ… வெண்ணெ கலருல சீட்டு. கண்ணு முன்னாடியே ஊறுது.

எனக்கு வந்திச்சே ஒரு கோவம்! பந்தியில சாப்புட்டுக்கிட்டிருந்த சனமெல்லாம் திரும்பிப் பாக்க, "உங்கப்பன் வூட்டுல காரக் கண்ணால பாத்திருக்கியாடி? கை வச்சி நாசமாக்கிட்டியே!"ன்னேன். எங்க நின்னு சொல்றேன்? அவ அப்பன் வூட்டு வாசல்லயே நின்னு சொல்றேன். அவ அப்பாரு படம் மாலையோட உள்ள தொங்குது. புத்தி இருக்குறவன் செய்வானா?

அதுக்கு அவ, "நீங்க உங்க காரோட போய்ச் சேருங்க. கூப்புட வர்றேன்னு அந்தக் காருல வந்து நின்னீங்க, வாசலோட அனுப்பிருவேன்"னுட்டு உள்ள போயிட்டா. இருவத்தி ரெண்டு நாளு ஆச்சி. போன எடுக்க மாட்டேங்குறா. நானும் ரசம்னு ஒன்னு வச்சேன்… தெரு நாயி மோந்து பாத்துட்டு எம்மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிருச்சி.

அதான் பஸ்சு. இப்பப் புரியுதா?

இருங்க, முக்கியமானது இனிமேதான். நேத்து திருச்சியில சர்வீசுக்கு விட்ட எடத்துல, ஷைனின்னு ஒரு இஞ்சினியரு பொண்ணு, மேல் கூரையக் கழட்டிப் போட்டுட்டு என்னக் கூப்புட்டுச்சி. "சார், வூட்டுல காரு எங்க நிக்கும்?" குடோன்லம்மா. "குடோன்ல என்ன இருக்கு?" சிமெண்ட்டு. "கண்ணாடிய முழுசா மூடித்தான வைப்பீங்க?" இல்லம்மா, உள்ள காத்தாடட்டும்னு ஒரு வெரக்கட தெறந்து வைப்பேன். "எப்படிக் கழுவுவீங்க?" காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ, ஓஸ்ஸப் போட்டு நல்லா நனைய வுடுவேம்மா.

அந்தப் பொண்ணு என்ன ஒரு பார்வ பாத்திச்சி. "சார், நீங்க காரு கழுவல. க்யூரிங் பண்ணிருக்கீங்க."

கண்ணாடி ஓடுற தண்டவாளம், தண்ணி வடியிற ஓட்ட, சிமெண்ட்டுத் தூசி எறங்கி எல்லாம் கல்லு! புதுசா பூசுன செவுரு எறுகுறதுக்கு ஊத்துற மாதிரியே ரெண்டு வேளையும் ஊத்திருக்கேன். அந்தப் பொண்ணு சின்ன உளி வச்சிக் கொத்துது, நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்… ஒரு விரிசல் இல்லங்க! முப்பது வருசத்துல இவ்வளவு சுத்தமா ஒரு வேல நான் பாத்ததே இல்ல. இதுல கலியம்மா காரு வாங்குன புதுசுலயே சொன்னா, "மொதல்ல துணியால தூசியத் தட்டுங்க, தண்ணியக் காட்டாதீங்க"ன்னு. எனக்கே சிமெண்ட் பாடம் எடுக்குறியான்னு கேட்டேன்.

ராத்திரி எம்மவன் தமிழழகன்கிட்ட சொன்னேன், "கண்ணாடி சரியாப் போச்சின்னு மட்டும் அம்மாவுக்குச் சொல்லு, ஏன் கெட்டுச்சின்னு மூச்சு வுடாத, நான் நேருல சொல்லிக்கிறேன்"னு. நல்லதம்பி காதுல வுழுந்திச்சின்னா ஊரு பூரா சிரிப்பானே! உண்மையச் சொல்லணுமா, கம்பெனி மிஸ்டேக்குன்னு ஒரு பொய்யச் சொல்லிரலாமான்னு ரெட்டிபாளையத்துலேருந்து யோசிச்சிக்கிட்டேதான் வர்றேன். நீங்க என்ன சொல்றீங்க?

இருங்க, போனு… தமிழழகன்தான். சொல்லுடா… என்னது? அம்மா வந்துட்டாளா? வூட்டுக்கா? பாத்தீங்களா சார், தானா வந்துட்டா! நான் இந்தப் பக்கம் வர்றேன், அவ அந்தப் பக்கம் போயிருக்கா! மன்னிப்பும் கேக்க வேணாம், ஒன்னும் வேணாம்! குடுறா, அம்மாகிட்ட குடு.

கலியம்மா! நான் ஒன்னத் தேடித்தான்… ம்… ம்… சமயபுரமா? காலையிலயேவா? எதுக்கு?

ம்.

முழுசாவா?

சார்… மொட்ட போட்டுக்கிட்டு வந்திருக்காளாம். அவ கைப்பட்டுத்தான் கண்ணாடி போச்சாம். சரியானா முடி எறக்குறேன்னு மாரியாத்தாவுக்கு வேண்டிக்கிட்டாளாம். ராத்திரி மவன் சொன்னதும், விடியக்காலையில அண்ணியோட போயி… இடுப்பு வரைக்கும் தொங்கும் சார் அவளுக்கு. கல்யாணத்தன்னைக்கு சவுரியே வைக்கல. இந்த வாய நேத்தே தெறந்திருந்தேன்னா அவ முடி இருந்திருக்கும்.

இல்ல, இருக்கேன். கேளு கலியம்மா. ஒங்கையால போவல. நாந்தான். நான் ஊத்துன தண்ணி, நம்ம குடோன் சிமெண்ட்டு, எல்லாம் சேந்து எறுகிப் போச்சி. நேத்தே தெரியும் எனக்கு. தமிழழகன சொல்லக்கூடாதுன்னு சொன்னதும் நாந்தான். உங்கப்பார இழுத்துப் பேசுனது பெரிய தப்பு. கேக்குதா? அழுவாத… ஹலோ… ஹலோ?

வச்சிட்டா.

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? முன்னாடி சீட்டுக்கா? போங்க போங்க, எம்மூஞ்சியப் பாக்க எனக்கே புடிக்கல.

கண்டக்டரண்ணே! பாடாலூருல எனக்காக நிப்பாட்ட வேணாம். சமயபுரத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க.