மீன் வாலில் வைத்த மின்தேக்கி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எங்கள் மினசோட்டாவில் ஜனவரியில் பொய் சொன்னால் அது உதட்டிலேயே உறைந்துபோகும். ஏப்ரலில் உருகி நாலு பேர் முன்னால் சொட்டும். அதனால் நாங்கள் பேசுவதே குறைவு.

என் பெயர் ஆரின். அலாரம் செய்யும் சிறு கம்பெனியில் சர்க்யூட் போர்டு வரைகிறவன். ஏரி உறைந்ததும் தகரக் குடிலை அதன்மேல் இழுத்துப்போய், கேஸ் அடுப்பை மூட்டி, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்போம். புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொண்டால் உள்ளே விஷவாயு சேரும். வாசனையே இருக்காது, ஆள் உட்கார்ந்தபடியே போய்விடுவான். அதற்கு முன் அலறி எழுப்ப ஓர் அலாரம் செய்தேன். மீன் உருவத்தில். கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும்.

அலறத் தொடங்கும் நொடியில் அது மின்சாரத்தை ஒரே மடக்கில் உறிஞ்சும். பேட்டரியிலிருந்து வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க, சிப்பின் காலடியிலேயே ஒரு மின்தேக்கி வேண்டும். தாகமெடுத்தவன் கைக்கெட்டுகிற செம்புத் தண்ணீர் மாதிரி. செம்பு காலியென்றால் சிப் மயங்கி விழும். எழும், மறுபடி விழும்.

என் சிப் இருந்தது மீனின் வாலில். குளிர் தாங்கும் மின்தேக்கி அங்கே அடங்கவில்லை. வாலை அகலமாக்கினால் மீன் துடுப்பாகிவிடும். அரிசிக் குருணை அளவில் இன்னொரு வகை இருந்தது. அதை வைத்தேன்.

"ஏம்ப்பா ஆரின், குளிர்ல பொசுக்குன்னு சுருங்குற வகையாச்சே இது" என்றாள் பக்கத்து மேஜை வெர்னா.

"கொள்ளளவு பத்துன்னு போட்டிருக்கே."

"உன் கல்யாணப் பத்திரிகையில 'நீங்காத அன்பு'ன்னுகூடத்தான் போட்டிருந்துச்சு. ஐஸ் பெட்டியில வச்சுப் பாருய்யா."

வைத்தேன். ஆனால் மீட்டர் என் மேஜையில் இருந்தது. போர்டை எடுத்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்து அளந்தேன். குருணைக்குக் கைச்சூடு ஏற எவ்வளவு நேரம் ஆகும்? மீட்டர் பத்து என்றது. வெர்னாவிடம் பத்து என்றேன். அது பொய்யில்லை.

முதல் மீனை என் நண்பன் எல்ராய்க்குப் பரிசாகக் கொடுத்தேன். கதவோரத் தகரச் சுவரில் திருகி மாட்டினான். குடிலுக்குள் வெறும் சட்டையோடு உட்காரலாம். அந்தச் சுவரில் மட்டும் உறைபனி கரையாது.

ஒரு மதியம் அவனைப் பார்க்கப் போனேன். புகைக்குழாய் அடைத்திருந்தது. எல்ராய் தூண்டிலைப் பிடித்தபடி விறைத்துப்போயிருந்தான். சுவரில் என் மீன் 'டிக்' என்றது. சற்று ஓய்ந்து மறுபடி 'டிக்' என்றது. அலறப் பார்த்துக்கொண்டே இருந்தது, பாவம்.

கதவைத் திறந்து வைத்தேன். அடுப்பை அணைத்தேன். என் டார்ச்சில் தீர்ந்துபோன பேட்டரி இருந்தது. அதை மீனுக்குள் மாற்றினேன். பிறகு போன் செய்தேன்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. எல்ராயின் மனைவி மார்லிஸ் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புது பேட்டரி போடச் சொன்னாரு ஆரின். போட்டேன்னுதான் நெனச்சேன். போலீஸ் திறந்து பார்த்தா உள்ள தீர்ந்துபோனதுதான் இருந்துச்சாம். பழசையே திரும்பப் போட்டுத் தொலைச்சிருக்கேன் பாரு."

"மறதி யாருக்குத்தான் இல்ல மார்லிஸ்? மனசுல வச்சுக்காதே. இன்னும் கொஞ்சம் சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள்.

இப்போதெல்லாம் சர்ச் வாசலில் நின்று, ஏரிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் புது பேட்டரி கொடுக்கிறாள். போன ஞாயிறு என் கையிலும் ஒன்றை வைத்து விரல்களை மடக்கினாள். "மறக்காம போடு. என்னை மாதிரி பாவி ஆயிடாதே." தலைநிமிர முடியவில்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் எழுதுகிறேன். மார்லிஸ் போட்டது புது பேட்டரிதான். அவள் மேல் குற்றமில்லை. இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள். எனக்கு வாய் வராது. பேட்டரியை மாற்றியது என் கை. நாலு பேரின் ஏச்சுக்குப் பயந்து செய்தது. ஆனால் அந்த மின்தேக்கி குளிரில் கைவிடும் என்று மட்டும் சத்தியமாக எனக்குத் தெரியாது. மீட்டரை நம்பினேன், அவ்வளவுதான்.

என் குடிலில் மாட்டியிருப்பது வேறொரு கம்பெனியின் அலாரம். எல்ராய்க்கு மீனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் வாங்கினேன்.