முதல் சாவி

நான் குடிப்பது எப்போதும் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி, ஐயா. இதில் சீனி போட்டுவிட்டார்கள். பரவாயில்லை, குடிக்கிறேன். இந்த மழையில் உங்கள் ஆளை மறுபடியும் கடைக்கு அனுப்ப வேண்டாம். தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் கிடைத்ததே பெரிய காரியம். மலாயில் சொன்னால் இதெல்லாம் சரியாக வராது.

என் பெயர் சத்தியசீலன். வயது ஐம்பத்தொன்பது. லுக்குட்டிலிருந்து உள்ளே போகிற செம்பனைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷமாக மெக்கானிக். டிராக்டர், லோரி, ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்பு, எல்லாம் என் கைதான். மேசைமேல் பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறீர்களே, அது ஒரு செம்பு வாஷர். டீசல் குழாயைப் பம்போடு சேர்த்துப் பூட்டுகிற போல்ட்டுக்கு அடியில் வரும். அதைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் கொட்டகை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு என்மேல் தப்பான எண்ணம் வந்துவிடும். ஒரு வண்டியின் எஞ்சினைத் தொட்டு வேலை செய்தால், முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அதற்குப் பிறகுதான் முதல் சாவி திருப்புவோம். இருபத்தெட்டு வருஷமும் அந்தச் சாவியைத் திருப்பியது நான். பழைய மேனேஜர் ஒருமுறை அவசரத்தில் தானே ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆட்களை வேலை வாங்குகிற முனியாண்டி மண்டோர் காதில் ஏதோ சொன்னதும் பேசாமல் இறங்கி எனக்கு வழி விட்டார். மேனேஜரே அப்படி.

குணாளன் என் மருமகன். தோட்டத்து லோரி ஓட்டுகிறவன். மனைவி போன பிறகு நான் தனியாக வளர்த்த ஒரே மகள் மோகனாவை அவனுக்குக் கட்டிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. குடி கிடையாது, வாய்ச்சண்டை கிடையாது, நல்ல பையன் என்று நான்தான் சரி சொன்னேன். ஒரே ஒரு குறை. என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவான். செனாவாங் டவுனில் வளர்ந்தவன். அங்கே ரொட்டிக் கடைக்காரரும் அங்கிள், பஸ் ஓட்டுகிறவரும் அங்கிள், பெண்ணைக் கொடுத்த நானும் அங்கிள். மோகனாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அப்படியே பழகிவிட்டது, விடுங்கப்பா என்று சிரித்தாள். விட்டுவிட்டேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

போன வாரம் லோரியின் டீசல் பம்பு போய்விட்டது. எனக்கு அப்போது காய்ச்சல், இரண்டு நாள் படுத்துவிட்டேன். அதற்குள் குணாளன் லுக்குட் போய்ப் புதுப் பம்பும் பில்டரும் வாஷர்களும் வாங்கி வந்து, கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே பூட்டிவிட்டான். சனிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டதும், எலுமிச்சம்பழம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் சாவியைத் திருப்பிவிட்டான். லோரி உறுமிக்கொண்டு நிற்கிறது, ஆட்கள் கை தட்டுகிறார்கள், முனியாண்டி அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. என்னைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"அங்கிள், இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் பாத்துக்கிறேன் லா."

அன்பாகத்தான் சொன்னான். அதையும் எழுதுங்கள். நான் யார்மேலும் பழி போடுகிறவன் இல்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. டாங்கியிலிருந்து டீசலை இழுக்கிற பக்கத்துப் போல்ட்டைக் கழற்றி, அவன் போட்டிருந்த புது வாஷரை எடுத்துக்கொண்டு, என் டப்பாவிலிருந்த பழையது ஒன்றைப் போட்டேன். பழைய செம்பு வாஷரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், மறுபடியும் போடலாம். தோட்டத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். இதை நான் காய்ச்சவில்லை. பையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், குறுக்கே ஒரு கீறல் தெரியும். அது தேய்மானம் இல்லை. அரத்தால் நான் போட்டது.

அந்தப் பக்கத்துப் போல்ட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே இடைவெளி இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். இரவு முழுக்க வண்டி நிற்கும்போது குழாயில் இருக்கிற டீசல் மெல்ல டாங்கிக்கே திரும்பிவிடும். காலையில் சாவி திருப்பினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. ஒரு சொட்டு ஈரம் தெரியாது. வீடியோ பார்த்துப் படித்தவன் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். திங்கட்கிழமை ஆட்கள் முன்னால் திணறுவான், என்னிடம் வந்து கேட்பான், பத்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுப்பேன். என் எண்ணம் அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை இரவு மழை கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலையில் ஆறு ஏறி, தாழ்ந்த பாலத்தின்மேல் தொடையளவு தண்ணீர் ஓடியது. கார் போகாது, மோட்டார் சைக்கிள் போகாது. டிராக்டர் அக்கரையில் ஆலையில் மாட்டிக்கொண்டது. அந்தத் தண்ணீரைத் தாண்டக்கூடியது லோரி ஒன்றுதான்.

ஏழு மணி வாக்கில் மோகனாவை நாகம் தீண்டிவிட்டது. வெள்ளத்துக்குப் பயந்து சமையலறைக்குள் வந்து அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி தலைவிரிகோலமாக என்னிடம் ஓடிவந்து சொன்னாள். நான் உடனே அந்தப் புது வாஷரையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாருங்கள், உதவி செய்கிற எண்ணத்தோடுதான் போயிருக்கிறேன்.

கொட்டகையில் குணாளன் அவளை லோரியின் முன் சீட்டில் உட்காரவைத்திருந்தான். மீட்புப் படகுக்குச் சொல்லியாகிவிட்டது, எப்போது வந்து சேரும் என்று தெரியவில்லை என்றார்கள். லோரி கிளம்பினால் ஆஸ்பத்திரி அரைமணி நேரம். அவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள், ஐயா. நேரம் இருந்தது. பாம்பு கடித்து நாலைந்து மணி நேரம் தாங்கினவர்களை எனக்குத் தெரியும். என் வேலையோ பத்து நிமிஷ வேலை. யோசித்துத்தான் உட்கார்ந்தேன்.

குணாளன் பில்டர் மேலிருக்கிற திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தான். காற்றை வெளியேற்ற அதுதான் முறை, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நுரை வந்தது. அடிக்க அடிக்க நுரைதான். காற்று நுழைகிற இடத்தை அடைக்காமல் நாள் முழுக்க அடித்தாலும் அப்படித்தான் வரும். ஒருமுறை எஞ்சின் பிடித்தது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். நாலு எண்ணுவதற்குள் நின்றுபோனது. எட்டு மணிக்குப் பேட்டரியும் இறங்க ஆரம்பித்தது. சார்ஜ் ஏற்றின பேட்டரி ஒன்று என் அலமாரியில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

புஷ்பவள்ளி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். முனியாண்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். அவன் பூட்டின வண்டி, அவன் வந்து கேட்கட்டும் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவன் வந்தான். மறைக்க மாட்டேன். முழங்கைவரை டீசல், முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்கிள், ப்ளீஸ் அங்கிள். வந்து பாருங்க."

"யாருக்கு அங்கிள்?" என்று கேட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, மறுபடியும் அங்கிள் அங்கிள் என்று கெஞ்சிவிட்டு, லோரிக்கே ஓடிப்போனான். படித்த பையனுக்கு இத்தனை சின்ன விஷயம் விளங்காவிட்டால் நான் என்ன செய்ய முடியும்.

மோகனாவுக்கு விளங்கியது. அதற்குள் அவளுக்கு இமைகள் இரண்டும் தொங்கிவிட்டன. ஒரு இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க பாருங்கப்பா."

"உன் புருஷன் கேக்கட்டும்மா," என்றேன்.

அவள் என்னோடு வாதாடவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளை நான் ஒரு அடி அடித்து வளர்த்ததில்லை. அவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். நாக்கு தடித்துப் போனதால் குழறியது. மூன்றாவது தடவைதான் அவனுக்குப் புரிந்தது.

"மாமான்னு கூப்பிடுங்க."

குணாளன் வந்து சேற்றில் மண்டி போட்டான். மாமா என்றான். நிறுத்தாமல் மாமா, மாமா என்றான். நான் உடனே எழுந்துவிட்டேன், அவனைக் காக்க வைக்கவில்லை.

அங்கேதான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். எதையும் தொட்டுப் பார்க்காமல், தேடாமல், நேராக அந்தப் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். பையிலிருந்து புது வாஷரை எடுத்துப் போட்டேன். அவன் கையால் வாங்கின வாஷர், அவனுக்கு அடையாளம் தெரியாதா. பழையதைக் கீழே போட்டிருக்கிறேன். அதைத்தான் அவன் பொறுக்கி உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பேட்டரியை மாற்றினேன். கைப்பம்பை அடித்தேன், நுரை நின்று டீசல் கம்பியாக வந்தது. திருகை இறுக்கினேன். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தேன். இப்போது எதற்கய்யா இதெல்லாம் என்று முனியாண்டி என் சட்டையைப் பிடித்தார். வழக்கம் வழக்கம்தானே. சூடம் நமுத்துப் போயிருந்தது, பற்ற வைக்க மூன்று குச்சி ஆனது. மோகனாவின் தலை அப்போது புஷ்பவள்ளியின் தோளில் சாய்ந்திருந்தது. மூச்சு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். வாஷரை மாற்றியது நான். கோளாறு எங்கே என்று தெரிந்தும் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான். அதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் தாமதம் என்னால் வந்தது என்று எழுதினால் அது நியாயம் இல்லை. ஒரே ஒரு வார்த்தை, அதை அவன் ஏழு மணிக்கே சொல்லியிருக்கலாம்.

எழுதினதைப் படித்துக் காட்டினீர்களே, அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, ஐயா. எலுமிச்சம்பழம் நசுங்க, லோரி முதல் சாவியிலேயே கிளம்பியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.