சொல்றது அவ, எழுதறது அம்மா

ஹலோ... ஆமா டீச்சர், குண்டூசியோட அப்பாதான்... ஐயோ, வீட்டுப் பேர் வாயில வந்துடுச்சு. அவ அம்மா வெச்சது... ஆமா ஆமா, ஷிப்ட் முடிஞ்சு வந்துட்டேன். சொல்லுங்க... என்ன, மறுபடியும் வெள்ளைப் பேப்பரா?... மூணாம் வகுப்புலயே இப்படின்னா... ம்... ம்... மன்னிச்சுக்குங்க, நான் கண்டிச்சு வைக்கறேன்... கண்டிக்க வேணாமா? பின்ன எதுக்குக் கூப்பிட்டீங்க?

...

கெட்டிக்காரியா? யாரு, இவளா?... போன வருஷ டீச்சர் இவளைக் கடைசி பெஞ்சுல போட்டுட்டு, கொஞ்சம் மந்தம்னு என் முகத்துக்கு நேரவே சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டு வந்தேன்... சரி, சொல்லுங்க... நீங்க போர்டுல கூட்டினதே தப்பா?... இவ சரியான விடையை முணுமுணுத்தாளா? எல்லாப் பிள்ளைங்களும் கேட்டுச்சா?... இல்ல டீச்சர், நான் சிரிக்கல. சத்தியமா சிரிக்கல... நீங்களே சிரிக்கறீங்களே, அப்புறம் என்ன.

ம்... அப்படிக் கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குன்னு தனி வகுப்பு இருக்கறதே எனக்குத் தெரியாது... பள்ளிக்கூடத்துக்கு ரெண்டே பேருதானா... ஓ, அதுக்கு இன்னிக்கு வெச்ச பரிட்சையா... அதுலயும் பேரை மட்டும் எழுதிட்டு நீட்டிட்டாளா... நாளைக்குக் காலையில யாருன்னு முடிவு சொல்லணுமா. அப்ப என்ன டீச்சர், வேற பிள்ளையை அனுப்புங்க. பாவம், அதுவாவது...

இருங்க. இருங்க டீச்சர்... பேப்பரைக் குடுத்து அவளையே எழுதச் சொன்னாங்களா?

அட, நான் ஒரு மடையன்... இல்ல, சொல்றேன். அவ அம்மா நாள் பூரா தையல் மெஷின்லதான் இருப்பா. இவ மெஷினுக்கு அடியில, மிதிக்கற காலுக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்குவா. மண்டை ஓடற வேகத்துக்கு இவளுக்குக் கை ஓடாது டீச்சர். ஒரு எட்டைப் போட்டு முடிக்கறதுக்குள்ள அடுத்த மூணு கணக்கு முடிஞ்சிருக்கும், எழுத முடியலன்னு அழுகை வந்துடும். அதனால அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு. இவ கீழ இருந்து விடையைச் சொல்லணும், அவ துணிக்கு அடையாளம் போடற சாக்பீஸால மேஜை ஓரத்துல எழுதணும். அப்புறமா நிதானமா நோட்டுல ஏத்திக்கறது. கணக்குன்னா அப்படித்தான்னு இவ மனசுல பதிஞ்சுபோச்சு. சொல்றது அவ, எழுதறது அம்மா... ஆமா... போன வருஷம்தான் தவறிட்டா... ம்... ஆமா டீச்சர்.

...

நீங்க எழுதிக்கறீங்களா? அப்படிச் செய்யலாமா?... வாயால கேட்டாலும் செல்லுமா... ஆனா சொல்ல மாட்டா. என்கிட்டயே சொல்றதில்ல. அதே சாக்பீஸை எடுத்துக்கிட்டு நானும் அவ அம்மா நாற்காலியில உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் ஒண்ணே ஒண்ணு சொன்னா. அப்புறம் வாயே திறக்கல... இப்பவேவா? போன்லயா?... சரி, இருங்க.

குண்டூசி! இங்க வா. டீச்சர்... திட்டறதுக்கு இல்லடி. ஏதோ கேக்கணுமாம். நீ சொல்லு, அவங்க எழுதிக்குவாங்களாம்... அட, வாங்கிக்கோ. காதுல வெச்சுக்கோ... எங்க போற? இங்கேயே பேசேன்... கதவை ஏன் சாத்தற?

...

குண்டூசி... சோறு ஆறுது.

...

ஹலோ டீச்சர், நான்தான்... போனைக் கையில குடுத்துட்டுத் திரும்பவும் உள்ள போயிட்டா. சொன்னாளா?... எல்லாமேவா?... அஞ்சாம் வகுப்புக் கணக்குமா!... விட்டுடாம எழுதிக்கிட்டீங்கல்ல?... ஆமா ஆமா, இவ பேரையே சொல்லுங்க. நான் காலையில வந்து கையெழுத்துப் போடறேன்... தினமும் ஆறு மணி வரைக்குமா?... இல்ல இல்ல, கஷ்டம் ஒண்ணுமில்ல. லிஃப்ட் ரிப்பேர்ல காலை ஷிப்ட் யாரும் தர மாட்டாங்க, கெஞ்சி வாங்கினேன். அவ பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப வீட்ல ஆள் இருக்கட்டுமேன்னு... பரவால்ல டீச்சர். துணி மடிப்பேன். ரேடியோ கேப்பேன். ஆறு மணி என்ன, வந்துடும்.

டீச்சர்... ஒண்ணு கேக்கட்டுமா. உங்ககிட்ட மடமடன்னு சொல்லிட்டா. என்கிட்ட ஏன்... கேட்டீங்களா? என்ன சொன்னா?... பரவால்ல, சொல்லுங்க.

...

ம்.

...

அவ முன்னாடி நான் அழுததே இல்லையே... இல்ல, அந்த முதல் நாள்... அவ சொன்னதை எழுதறப்ப... திரும்பி உட்கார்ந்துதான்... பார்க்கலன்னு நினைச்சேன் டீச்சர்... அதனாலயா? கணக்கு சொன்னா அப்பா அழறாருன்னா?... அதுக்காகப் பள்ளிக்கூடத்துலயும் எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு...

இல்ல, இருக்கேன்... லைன்லதான் இருக்கேன்.

டீச்சர், எனக்கு ஒரு கணக்கு குடுங்க. நல்லாக் கஷ்டமானதா... நான் கேக்கறேன் அவகிட்ட. சிரிச்சுக்கிட்டே எழுதறேன்... வரும், வரவெச்சுக்கறேன்... சீக்கிரம் சொல்லுங்க, போன்ல சார்ஜ் போகப் போகுது... ம்... ஒரு தண்ணித் தொட்டி... ம்... ரெண்டு குழாய்... ஒண்ணு ரொப்புது... ஒண்ணு காலி பண்ணுது... சரி... ரெண்டையும் ஒரே நேரத்துல திறந்து விட்டா...

விட்டா?... ஹலோ?... டீச்சர்... மிச்சத்தைச் சொல்லலையே... ஹலோ?