மதில்மகுடக் காசும் எங்கள் மௌனமும்

செப்பும் வெண்கலமும் சிந்தை நிறைந்த செம்மலே! களிம்பின் அடியிலும் காலத்தின் முகம் கண்டவரே! பதினேழு ஆண்டுகள் எங்கள் நாணயக் காப்பகத்தைக் கண்ணெனக் காத்த அகஸ்ரின் ஐயா அவர்களே!

வணக்கம். தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் வாழ்த்த எழுந்த நாங்கள் தயங்கி நிற்கிறோம். மேடைக் கூச்சத்தால் அன்று. எங்களுக்காகத் தாங்கள் சுமந்த பழியை இந்த மண்டபத்தில் சொன்னால், திங்களன்று எங்களுக்கு வேலை இருக்குமோ என்ற பயத்தால்.

ரோமப் பேரரசுக்கு அடங்கிய சிறுநகரங்கள் தாமே அச்சடித்த வெண்கலக் காசுகள் நாலாயிரம் தங்கள் பொறுப்பில் இருந்தன. ஒருபக்கம் பேரரசன் தலை. மறுபக்கம் அவ்வூரின் கோயில், ஆறு, திராட்சைக் குலை. பெட்டிகளுக்கு இலக்கமிட மட்டுமே வந்த எங்களிடமும் பூதக்கண்ணாடியை நீட்டி, "ராசாவை விடுங்கோ, பின்பக்கத்தைப் பாருங்கோ. அந்தச் சனம் தங்கடை ஊரைப் பற்றிச் சொன்ன கதை உதுதான்" என்பீர்கள். மதிலையே மகுடமாய்ச் சூடிய நகரத் தெய்வம் பொறித்த காசென்றால் தங்களுக்கு உயிர்.

தாங்கள் இதய அறுவைச் சிகிச்சைக்குச் சென்றிருந்த தை மாதத்தில், பொங்கலுக்கு வீட்டு விளக்கை மினுக்கிய கையோடு, தாங்கள் வந்து பார்த்து மகிழட்டுமென்று அந்தத் தெய்வக் காசொன்றையும் மினுக்கினோம். ரதி பழப்புளி கரைக்க, அன்புராசா தேய்க்க, கிளடிஸ் துடைத்தெடுத்தார். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுப் பச்சைப் படலத்தோடு தெய்வத்தின் முகமும் போயிற்று!

திரும்பி வந்த தாங்கள் காசைப் பார்த்தீர்கள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள். எங்களில் இருவரின் அகதி வழக்கு முடியவில்லை என்பதும் தாங்கள் அறிந்ததே. "ஒருதரும் வாய் திறக்கப்படாது" என்று மட்டும் சொல்லி, பழுதுப் பதிவேட்டில் 'என் கவனயீனம்' என எழுதினீர்கள். வரவிருந்த இரண்டாண்டுப் பணிநீட்டிப்பு அத்துடன் போயிற்று. நாங்களோ பயந்து பேசாதிருந்தோம். பணிப்பாளரின் அறைக்கதவு திறந்த போதெல்லாம் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டோம். வெட்கமாக இருக்கிறது, ஐயா!

தங்கள் இதயம் சீராகத் துடிக்கவும், அஜக்ஸ் நகரிலுள்ள தங்கள் வீட்டுத் தோட்டத்துத் தக்காளியைப் பல கோடைகள் தங்கள் கையாலேயே பறிக்கவும் வேண்டுகிறோம்.

இப்போது தாங்கள் கையசைத்து எங்களை நிறுத்தச் சொல்வீர்கள். தங்களருகே அமர்ந்திருக்கும் பணிப்பாளர் அம்மையாருக்குத் தமிழ் தெரியாதென்ற தைரியமும் தங்களுக்கு இருக்கும். பயத்தில் நாங்கள் பின்வாங்கிவிடக் கூடாதென்றே, வாசிக்கத் தொடங்குமுன் இம்மடலின் ஆங்கிலப் பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டோம்.

தங்கள் பணியாளர்கள்,
ரதி, அன்புராசா, கிளடிஸ்
ஸ்காபரோ, கனடா, 27 ஆனி 1997