பன்னிரண்டாவது நிபந்தனை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுப் படியேறிப் போய்விடுகிற ஆள். நீங்கள் இந்த வாக்குமூலத்தை எழுதி முடிக்கும்வரை என் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

தானியங்கிக் கதவுகளை இயக்கும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. நிபந்தனைகளை எழுதிக் கொடுப்பேன்: இரண்டு கதவுகளும் ஒருபோதும் ஒன்றாகத் திறக்கக் கூடாது, ரயில் கதவென்றால் வண்டி நகரும்போது எப்போதும் மூடியிருக்க வேண்டும், இப்படி. நடக்கக்கூடிய அத்தனை எதிர்காலங்களையும் கணினி புரட்டிப் பார்த்து, சரியா தவறா என்று சொல்லும். தொல்லை என்னவென்றால், ஒரு நிபந்தனை கூடினால் வேலை இரட்டிப்பாகும், சில சமயம் பத்து மடங்காகும். இந்த உள்கதவு, வெளிக்கதவு இரண்டுக்கும் பதினொன்று வரை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது.

பன்னிரண்டாவதைக் கேட்டவன் என் மனைவியின் தம்பி. கதவுகள் போகவிருந்த குளிர்பதனக் கிடங்குக்கு அவன்தான் பொறுப்பாளன். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டான்.

“உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டு பட்டனை அமுக்கினா, கதவு திறக்கும்ல மாமா?”

“என்னைக்காவது திறக்கும் மச்சான்.”

விழுந்து விழுந்து சிரித்தான். “அதையும் எழுதிச் சேத்துருங்க.”

சேர்த்தேன். நடக்கக் கூடாதது நடந்ததைப் பிடிக்க ஒரு கணம் போதும். கதவு கடைசிவரை திறக்கவே போவதில்லை என்பதைப் பிடிக்க, முடிவில்லாமல் பின்னாலேயே போக வேண்டும். கணினி ஆறு நாள் ஓடியது. நான் அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தேன். ஏழாம் நாள் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன், மதியத்துக்குள் முடிந்தது. பன்னிரண்டும் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

மனசு கேட்கவில்லை. பழைய கணினி ஒன்றில் பன்னிரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, தவறு என்று வந்தது. வெளிக்கதவு பாதியில் சிக்கி நின்றால், அது மூடட்டும் என்று உள்கதவு காத்திருக்கும். அழுத்து, காத்திரு, அழுத்து, காத்திரு. அதற்குள் கதவுகளைப் பொருத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு போன் போதும்தான். ஆனால் கையெழுத்து விஷயம் வெளியே வந்து மானம் போகும். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் பொறுமையாக இருந்தேன்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் கிளம்பிய பிறகு, விளக்கை அணைக்க அவன் உள்ளே போயிருக்கிறான். சாயங்காலம் என் மனைவி, “தம்பி போனே எடுக்கலைங்க” என்றாள். கிடங்கு என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். “தூங்கியிருப்பான்” என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நாற்பத்தொரு முறை அழுத்தியதாகக் கதவின் பதிவு சொல்கிறது. நானாக இருந்தால் பத்தோடு விட்டிருப்பேன். அவன் பொறுமைசாலி.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குள் என்று பன்னிரண்டாவது நிபந்தனை கேட்கவில்லை, என்றாவது என்றுதான் கேட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கம்பியை விட்டு நெம்பினார்கள், கதவு திறந்தது. ஆக, நான் கையெழுத்துப் போட்டதில் பொய் எதுவும் இல்லை.